எங்கள் குதிரைக்கு விசிறி சேவை

ஈயைப் படைத்தவன் யாராக இருந்தாலும், அவனை ஒரு நாள் எங்கள் கொட்டகையில் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும். சட்டையைக் கழற்றி, கையைப் பின்னால் கட்டி, மத்தியானம் முழுக்க. அப்புறம் பக்தி, படைப்பின் மகிமை எல்லாவற்றையும் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. வீட்டுக்கு முன்னால் பாதையைப் பார்த்தபடி ஒரு தகரக் கொட்டகை, அதில் ஒரு செவலைக் குதிரை. பெட்டை. கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்கு அதை ஓட்டிக்கொண்டு போவது என் வீட்டுக்காரருடைய தொழில். நான் வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். முன்பு எங்களிடம் மாடுதான் இருந்தது. தீபத்தின்போது கூடும் மாட்டுச் சந்தையில் உழவு மாடு பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன மனுஷன், இதைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"அது என்ன ஒரு பார்வ பாத்துச்சு. வுட்டுட்டு வர மனசு வரல" என்றார்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று இதே மனுஷன் தட்டிலிருந்த பஜ்ஜியைத் தவிர வேறு எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சரி, போகட்டும். எங்களுக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள், இரண்டும் சென்னையில் வேலையில் இருக்கிறார்கள். அதனால் குதிரையை அவர் "பொண்ணு" என்றுதான் கூப்பிடுவார். நான் எப்படிக் கூப்பிடுவேன் என்பது அன்றைக்குக் கொட்டகையில் எவ்வளவு சாணி அள்ளினேன் என்பதைப் பொறுத்தது.

மாட்டுக்கு வராத கஷ்டமெல்லாம் குதிரைக்கு வரும். வெயில் ஏறினால் ஈ. மத்தியானம் மாட்டு ஈ என்று ஒன்று வரும், விரல் நகம் அளவு இருக்கும், கடித்த இடத்தில் ரத்தம் வழியும். பொழுது சாயும் நேரத்தில் கண்ணுக்கே தெரியாத பொடிக் கொசு கூட்டமாக வந்து காதுக்குள்ளும் வயிற்றடியிலும் மொய்க்கும். மாடு வாலை ஆட்டிவிட்டு அசைபோடும். எங்கள் மகாராணிக்கு அந்தப் பொறுமை கிடையாது. காலை உதைப்பாள், தலையை உதறுவாள், கொட்டகைக் கம்பத்தில் மூஞ்சியைத் தேய்ப்பாள். போன மாசி மாதம் அப்படித் தேய்த்ததில்தான் கம்பத்தில் துருத்திக்கொண்டிருந்த கம்பி இடது கண்ணில் பட்டுவிட்டது.

கால்நடை டாக்டரம்மா வந்து கண்ணைத் திறந்து பார்த்தார். "கருவிழில கீறல் வுழுந்திருக்குங்க. மருந்து வுட்டா ஆறிடும். ஆனா ஈ ஒக்காந்துச்சுன்னா சீழ் புடிச்சுக்கும். அப்பறம் கண்ணு போச்சுன்னு வெச்சுக்குங்க" என்றார். பௌர்ணமி கழிந்த மறுநாள் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. ஒற்றைக் கண் குதிரையின் மேல் எங்கள் பக்கத்தில் எந்த மாப்பிள்ளையும் ஏற மாட்டான். எதிரில் வந்தாலே ஆகாது என்பார்கள், அதன் முதுகில் ஏறிப் பெண் வீட்டுக்குப் போவார்களா? சகுனம் பார்க்காத வீடாகவே இருந்தாலும், தெரியாத பக்கத்தில் திடீரென்று பட்டாசு வெடித்தால் மாப்பிள்ளையோடு சேர்ந்து ஆரணி வரைக்கும் ஓடிவிடும். பிறகு சந்தைதான். வாங்குகிறவன் பாரவண்டியில் பூட்டுவான். "பொண்ண வண்டில பூட்டுவாங்கடி" என்று அவர் சொன்னபோது குரல் உடைந்தது. நான், "மொதல்ல அந்தக் கம்பியப் புடுங்கிப் போடுங்க" என்று கத்தினேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஈயோடு நடத்திய யுத்தத்தை ஊரே வேடிக்கை பார்த்தது. முதலில் வேப்பிலைப் புகை போட்டோம். டாக்டரம்மா போனில் திட்டினார், புண்ணான கண்ணுக்குப் புகை ஆகாதாம். வேப்பெண்ணெய் தடவினோம். ஈ போகவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் போய்விட்டார்கள். கொசு அடிக்கும் கரண்ட் பேட் வாங்கினேன். அது பட்டென்று பொறி பறக்கவிட்டதும் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியது. டேபிள் ஃபேன் வைத்தோம், மின்வாரியம் ஒத்துழைக்கவில்லை.

கடைசியில் பழைய கொசுவலையை வெட்டி முகத்திரை செய்தேன். வலை கண்ணில் படாமல் தள்ளி நிற்க வேண்டுமே. அதற்குக் கல்யாண ஊர்வலத்தில் குதிரை நெற்றியில் கட்டும் ஜரிகைப் பட்டம் இருக்கிறது, மேலே குஞ்சம் வைத்தது, அதைக் கட்டி அதிலிருந்து வலையைத் தொங்கவிட்டோம். உடம்புக்கு என்ன செய்வது? வறட்டி எரித்த சாம்பலைச் சலித்துக் கழுத்திலிருந்து வால் வரைக்கும் பூசினேன். எங்கள் வீட்டில் மாட்டுக்கு அப்படித்தான் பூசுவோம். முகத்துப் பக்கம் மட்டும் கொண்டுபோகவில்லை. பொடிக் கொசு அதோடு கம்மியானது. ஆனால் குனிந்து தீவனம் தின்னும்போது வலைக்கு அடியில் ஈ நுழைந்துவிடும். அதற்கு வேறு வழியே இல்லை, யாராவது பக்கத்தில் நின்று ஓயாமல் விசிற வேண்டும்.

விசிறுவதற்கு ஆள் வேண்டுமே என்று ஆபீஸில் போய் லீவு கேட்டேன்.

"குதிரைக்குக் கண்ணு சரியில்லன்னு லீவு போட முடியாதும்மா. பசங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு போடுங்க" என்றார் சூப்பரின்டென்ட்.

"பசங்களுக்குக் கல்யாண வயசாயிடுச்சு சார்."

"அப்ப வீட்டுக்காரருக்குன்னு போடுங்க."

"அவருக்கு மூளை சரியில்ல சார். அது பழைய கேஸ், லீவு தர மாட்டீங்க."

சிரித்துவிட்டு லீவு கொடுத்தார். நல்ல மனுஷன்.

பௌர்ணமி வந்தது. திதி காலையிலேயே பிறந்துவிட்டதால் மத்தியானத்துக்குள் பாதை நிறைந்துவிட்டது. எங்களுக்கு அது புதிதில்லை, மாதாமாதம் பார்க்கிற கூட்டம். அன்றைக்கு எங்கள் கொட்டகையைக் கூட்டம் எப்படிப் பார்க்கும் என்றுதான் நாங்கள் யோசிக்கவில்லை. உடம்பு முழுக்கச் சாம்பல், நெற்றியில் தகதகவென்று பட்டம், முகத்தில் வெள்ளைத் திரை, கண்ணிலிருந்து வழிகிற நீர். பக்கத்தில் இரண்டு பேர் வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டு நிற்கிறோம்.

ஆந்திராவிலிருந்து வந்த ஒரு அம்மாள்தான் முதலில் நின்றார். குதிரையை ஏற இறங்கப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு வாழைப்பழத்தை முன்னால் வைத்தார். நம் ஜனத்தைப் பற்றித்தான் தெரியுமே, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் பின்னால் நின்றுவிடுவான், எதற்கு என்று கேட்கவே மாட்டான். நான் தீவனத் தொட்டியைக் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் வரிசை எதிர்ப்புறத்து டீக்கடை வரைக்கும் போயிருந்தது. "கண்ணுல தண்ணி வுடுது பாருங்க, சாமி உருகுது" என்று ஒருவர் பின்னால் வருகிறவர்களுக்கு விளக்கம் வேறு கொடுத்துக்கொண்டிருந்தார்.

பழம், கல்கண்டு, வெல்லம், தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். திருவண்ணாமலை டவுனில் இருந்த ஈயெல்லாம் பஸ் பிடித்து எங்கள் கொட்டகைக்கு வந்துவிட்டது.

"சொல்லுங்களேன், இது சாமி இல்லன்னு" என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கும்பிடுகிறவர்களுக்குத் திருப்பிக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். யாராவது பொண்ணை மதித்தால் அவருக்குப் பேச்சு வராது.

நானே போய், "ஏங்க, இது கல்யாணக் குதிரைங்க. கண்ணுல புண்ணு. போங்க" என்றேன்.

"எந்த ரூபத்துல வேணா வருவாரும்மா" என்றார் ஒரு பெரியவர். அந்த நேரத்தில் ஒரு வாட்டசாட்டமான ஆள் வலையைத் தூக்கிவிட்டு, ஒரு பிடி திருநீற்றை நெற்றியில் அப்பப் போனார். தூள் கண்ணுக்கு மேலே பறந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்து நான் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கிரிவலப் பாதையில் அதையெல்லாம் யாரும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன்.

கூட்டம் முறைத்தது. சண்டை போட்டால் அவர்கள் ஆயிரம் பேர், நான் ஒருத்தி. சரி, பொய் சொன்னால்தான் இவர்களுக்குப் பிடிக்கும் என்று முடிவு செய்தேன். குரலைத் தணித்து, "சாமி விரதத்துல இருக்குதுங்க. தொடக் கூடாது, திங்க ஒண்ணும் குடுக்கக் கூடாது. எல்லாத்தையும் எடுத்துக்குங்க. வரிசையா நின்னு விசிறி வுட்டா போதும், ஒரு ஈ கூட ஒக்காரக் கூடாது" என்றேன்.

"விசிறி சேவையாம்மா?" என்று ஒரு பெண் பயபக்தியோடு கேட்டாள்.

"ஆமாம்மா. விசிறி சேவைதான்."

அவ்வளவுதான். பழமும் பொங்கலும் நொடியில் காணாமல் போயின. நகைக்கடை விளம்பர அட்டை, துண்டு, முந்தானை, வேப்பங்கொத்து என்று கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு விசிற ஆரம்பித்தார்கள். என் வீட்டில் நான் காய்ச்சலில் கிடந்தபோது விசிறிவிட ஒரு நாதி இல்லை. இதற்கு ஊரே நின்று விசிறியது. வேர்வை வழிய, மந்திரம் சொல்லிக்கொண்டு, கையை மாற்றி மாற்றி. சாயங்காலம் பொடிக் கொசு வரும் நேரத்தில் கூட்டம் இன்னும் ஜாஸ்தியானது. கொசு வந்து பார்த்துவிட்டு, இடமில்லை என்று போயிருக்க வேண்டும். வரிசையில் வெள்ளை வேட்டியோடு ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பிரமாதமாக விசிறிக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்தார். எங்கள் சூப்பரின்டென்ட். என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார்.

"இதான் ஒடம்பு சரியில்லாத ஆளா?" என்றார்.

"நிறுத்தாதீங்க சார், ஈ வருது" என்றேன். நிறுத்தவில்லை.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்தார். வலையை அவிழ்த்து, பஞ்சால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். "சீழ் இல்ல. நல்லா ஆறியிருக்குது" என்றார். எனக்கு மூச்சு வந்தது. "ஆனா பார்வ இருக்குதான்னு பாக்கணும்" என்று வலது கண்ணை ஒரு கையால் மூடிக்கொண்டு, இன்னொரு கையைச் சத்தமில்லாமல் இடது கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தார். பார்வை இருந்தால் கண் சிமிட்டுமாம், தலையை இழுத்துக்கொள்ளுமாம்.

பொண்ணு சிமிட்டவில்லை. மறுபடியும் கொண்டுவந்தார். அசையவே இல்லை. விரலை விரித்து ஆட்டினார். கல்லாட்டம் நின்றாள்.

டாக்டரம்மா எங்களைப் பார்க்காமல் கையைத் துடைத்துக்கொண்டார். "புண்ணு ஆறிடுச்சுங்க. பார்வதான்..." என்று இழுத்தார். வீட்டுக்காரர் தவிட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை பேர் விசிறியும் கண் போய்விட்டதா என்று எனக்கு இருந்தது.

"இன்னொரு தடவ பாருங்கம்மா" என்று மட்டும் கேட்டேன். அவர் எனக்காக மறுபடியும் வலது கண்ணை மூடினார்.

அப்போது ஒரு மாட்டு ஈ வந்தது. இடது பக்கமாக, பெரிசு. உட்காரவில்லை, மூஞ்சிக்கு ஒரு முழம் தள்ளி வட்டமடித்தது. பொண்ணின் காது பின்னால் மடங்கியது. இடது கண் சுருங்கியது. கருவிழி ஈயோடு மேலே போனது, கீழே வந்தது, தலையும் கூடவே திரும்பியது.

டாக்டரம்மா அப்படியே நின்றார். "கையக் கண்டா ஏங்க பயப்படல?" என்று தனக்குத்தானே கேட்டார்.

"நேத்து பூரா ஊர்ல இருக்கறவன் எல்லாம் மூஞ்சிக்கு முன்னாடி கைய ஆட்டிட்டுப் போனான். இவளுக்கு மரத்துப் போச்சு" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரர் எழுந்து ஓடிவந்து, பழக்கதோஷத்தில் ஈயை விரட்டத் துண்டைத் தூக்கினார். அவர் கையை எட்டிப் பிடித்தேன்.

"வுடுங்க. இன்னும் ஒரு சுத்து சுத்தட்டும். அவ பாக்கறத நான் பாத்துக்கறேன்."