பூஜ்ஜியத்தில் நின்ற முள்

சித்திரை வெயிலிலும் அந்தக் கம்ப்ரசர் மெக்கானிக் முழுக்கைச் சட்டையின் பித்தானைக் கழற்ற மாட்டார். நான் சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனிக்கு அவரை வரவழைத்தது, வெள்ளைத் துணியில் விழுந்த எண்ணெய்ப் புள்ளிகள்.

“ஸ்க்ரூ சுத்தறப்ப காத்தோட எண்ணெயும் கலந்துதானுங்க வரும். டேங்குல இருக்கற செப்பரேட்டர்தான் அதைப் பிரிக்கோணும். அது கிழிஞ்சா எண்ணெய் துணிக்கு வந்துருமுங்க.”

அப்படியானால் டேங்கில் எண்ணெய் குறைந்திருக்குமே என்று, கம்ப்ரசரை நிறுத்தியதும் எண்ணெய் ஊற்றும் மூடியில் கைவைத்தேன். டேங்கின் காற்றழுத்தத்தைக் காட்டும் கேஜ் முள் பூஜ்ஜியத்தில்தான் இருந்தது. அவர் பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்; மேலேறிய அவர் சட்டைக் கைக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு தெரிந்தது.

மெஷின் ஓடும்போதும் முள் அங்கேயேதான் நின்றது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தார். காற்று வீறிட்டது. கொதிக்கும் எண்ணெய் எதிர்ச் சுவரில் அடித்தது.

“போன வாரம் எண்ணெய் ஊத்துனது யாருங்க?”

“நான்தானுங்க.”

“நிறுத்துன உடனேவா?”

“டீ குடிச்சிட்டு வந்துதானுங்க.”

அவர் முகமும் வெளுத்திருந்தது. “அதுக்குள்ள காத்து மெதுவா எறங்கியிருக்குது. அந்த டீதானுங்க உங்களைக் காப்பாத்தியிருக்குது.”

இப்போதும் கம்ப்ரசர் நின்றால் முதலில் டீக்கடைக்குத்தான் போகிறேன். டம்ளர் காலியான பிறகே மூடியில் கைவைக்கிறேன்.