பரிமாறுகிறவள் கடைசியில்

நான் துப்புரவு வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், ஆசிரியர்களின் அறையில் ஒரு கேக் பெட்டி இருக்கும். முதலில் வருகிறவர் கேக்கைப் பார்க்கமாட்டார். பெட்டியைத் தூக்கிப் பின்பக்கத்தை வாசிப்பார். அடுத்தவரும் வாசிப்பார். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கத்தியைத் தேடுவார்கள். லண்டனுக்கு வந்து பத்தொன்பது வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. எங்கள் மன்னார்ப் பக்கத்தில் ஒருவர் சாப்பாடு தந்தால் அவருடைய முகத்தைப் பார்ப்போம், வாங்குவோம், அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தால் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

போன வருடம் என் கணவருக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் செய்தார்கள். அவரைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனபோது, ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இந்த மனிதன் எழும்பி நடந்தால், பன்னிரண்டு பேருக்கு என் கையால் சமைத்துப் போடுவேன் என்று. எங்கள் வீட்டு முறைப்படி அந்தப் பன்னிரண்டு பேரும் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. சொந்தத்தைக் கூப்பிட்டால் அது விருந்து. வந்தவர்கள் கண்முன்னே இருந்து சாப்பிட வேண்டும். அவர்கள் கை கழுவும்வரை பரிமாறுகிறவள் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது.

அவர் எழும்பினார். நடந்தார். இரண்டு மாதத்தில் பகிடியும் விடத் தொடங்கினார்.

நேர்த்தியைச் செலுத்துவதுதான் கஷ்டமாகப் போயிற்று. லண்டனில் நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற இடத்தில், எங்கள் பங்குக் கோயிலோடு சேர்ந்த மண்டபத்தில், இல்லாதவர்களுக்குச் சாப்பாட்டுச் சாமான் கொடுக்கிறார்கள். அதை நடத்துகிறவர் பிரெண்டா என்ற ஆங்கிலப் பெண்மணி. நான் கோயிலில் கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பூசை முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறுகிறவள். அவரிடம் போய்ப் பேசுவதற்கே மூன்று ஞாயிறு எடுத்தது. அவர் அன்பாகத்தான் சொன்னார்: “சமைத்த சாப்பாடு நாங்கள் எடுப்பதில்லை, டியர். டின்னில் இருந்தால் கொண்டு வாருங்கள்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

“இஞ்சாரும், அந்தோனியாருக்கு லண்டன் சட்டம் தெரியும்,” என்றார் கணவர். “நாலு டின் மீனைக் குடுத்திட்டு வாரும்.”

“டின்னைக் குடுத்தா ஆர் என்ரை கண்ணுக்கு முன்னால இருந்து சாப்பிடுறது? அது ஏலாது.”

“அப்ப என்னை இருத்தும். நான் பன்னிரண்டு தரம் சாப்பிடுறன்.”

“உங்களுக்கு டொக்டர் சொன்னது அரைக் கோப்பைச் சோறு.”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சொன்ன சொல்லை முறித்தால் அந்த நெஞ்சுக்கு மறுபடி ஏதும் வந்துவிடுமோ என்ற பயம் எனக்குள் கிடந்தது. இப்படிப் பயப்படுவது விசுவாசம் இல்லை என்று சுவாமிமார் சொல்வார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் படியேறி மூச்சு வாங்கும்போதெல்லாம் பன்னிரண்டு பேரும் என் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

நேர்த்திச் சாப்பாட்டை நான் சாப்பிட்டும் இருக்கிறேன். ஒன்பது வயதில், சண்டைக்குப் பயந்து ஓடி ஒரு கோயில் வளவில் தங்கியிருந்தோம். யாரோ ஒரு பெண் வந்து என்னையும் என் தம்பியையும் கையில் பிடித்துக் கூட்டிப்போய் வரிசையில் இருத்தினார். என்ன கறி என்று நாங்கள் கேட்கவில்லை. நாங்கள் யாருடைய பிள்ளைகள் என்று அவரும் கேட்கவில்லை. வெறும் வயிற்றோடு அகப்பையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் விழுங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய நேர்த்தி என்னவென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிரெண்டா என்னை மறந்துவிடவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அதே மண்டபத்தில் தனியாக வாழும் முதியவர்கள் தேநீர் குடிக்கக் கூடுவார்கள், பன்னிரண்டு பதின்மூன்று பேர் வருவார்கள், சாப்பாட்டில் என்ன சேர்த்தது என்று எழுதித் தந்தால் அங்கே கொடுக்கலாம் என்றார். செவ்வாய் அந்தோனியாரின் நாள் என்பது அவருக்குத் தெரியாது. நான் விடியவே எழும்பிச் சமைத்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய். உறைப்பைப் பாதியாக்கினேன். சேர்த்ததை எல்லாம், கடுகுவரை, கொப்பித்தாளில் எழுதினேன்.

பன்னிரண்டு பேர் சரியாக வந்திருந்தார்கள். பரிமாறினேன். என் தாளைக் கையிலிருந்து கைக்கு மாற்றி வாசித்தார்கள். பிறகு கரண்டியை எடுத்தார்கள். நான் முறைப்படி சுவரோரம் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொன் என்ற உயரமான கிழவர், முன்பு பஸ் ஓட்டியவராம், கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“நீ சாப்பிடவில்லையா, லவ்?” இந்த ஊர்க் கிழவர்கள் யாரையும் இப்படித்தான் கூப்பிடுவார்கள்.

“இல்லை. நான் சாப்பிடக்கூடாது,” என்றேன் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.

“ஏன் கூடாது?”

“நீங்கள் முதல். நீங்கள் முடித்த பிறகு, பார்த்துவிட்டு, நான்.”

பன்னிரண்டு கரண்டிகளும் தட்டில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. ஒரு பாட்டி என் தாளைத் திரும்ப எடுத்து வாசித்தார்.

“எங்களுக்கு என்ன நடக்கிறது என்று பார்க்கப் போகிறாள்!” என்றார் ரொன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் கரண்டியைத் தொடவில்லை.

எனக்கு முகம் சுட்டது. நேர்த்தியைச் சொல்லி விளக்க எனக்கு இங்கிலீஷ் போதாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. முன்பின் தெரியாத ஒருத்தி, மஞ்சள் நிறமாக ஒன்றைப் போட்டுவிட்டு, தான் தொடாமல் முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒப்பரேஷனுக்கு முன் என் கணவர், தனக்குப் பெயரைக்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு டொக்டரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் படுத்தார். அவரிடம் அந்த டொக்டர் சிரித்துப் பேசினார், கையைத் தொட்டார். நான் இவர்களுக்கு என்ன செய்தேன்? விசுவாசம் என்றால் நான் அந்தோனியாருக்குச் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் செய்வது என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இந்தப் பன்னிரண்டு பேர் என்னை நம்பினால்தான் அது நிறைவேறும் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் சாப்பிட்டால் முறை கெடும். சாப்பிடாவிட்டால் நேர்த்தியே கெடும்.

அந்தோனியாரே, நீர் பார்த்துக்கொள்ளும் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, ரொன்னுக்குப் பக்கத்துக் கதிரையை இழுத்து இருந்தேன். ஒரு தட்டில் சோறு போட்டு, பருப்பை விட்டு, கையால் குழைத்து வாயில் வைத்தேன். விடியற்காலையிலிருந்து வெறும் வயிறு. என்னையறியாமல் இரண்டாவது பிடியும் பெரிதாக எடுத்துவிட்டேன்.

“சரி, இவளுக்குப் பசிதான்,” என்றார் ரொன். அவரும் ஒரு கரண்டி எடுத்தார். மென்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். “கத்தரிக்காய் மிச்சம் இருக்கிறதா?” என்று கேட்டார். அதன் பிறகு மண்டபத்தில் கரண்டிச் சத்தம்தான். அந்தப் பாட்டி ஊறுகாய் இல்லையா என்றுகூடக் கேட்டார்.

எனக்குள் கிடந்த பயம் எந்தப் பிடியோடு இறங்கிப் போனதென்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

பாதியில்தான், என் மறுபக்கம் வந்து இருந்த பிரெண்டா, “ஐயோ, செபமே சொல்லவில்லையே!” என்றார். எல்லோரும் கரண்டியை வைத்துவிட்டுப் பக்கத்தவரின் கையைப் பிடித்தார்கள். என் இடது கையை பிரெண்டா பிடித்துக்கொண்டார். வலது கை சோறும் பருப்புமாக இருந்தது. ரொன் அதைப் பார்த்து ஒரு கணம் யோசித்து, மணிக்கட்டில் பிடித்துக்கொண்டார். அவர்கள் கர்த்தர் கற்பித்த செபத்தை இங்கிலீஷில் தொடங்க, நானும் உதட்டை அசைத்தேன். ஆனால் உள்ளே அது தமிழில்தான் ஓடியது, எங்கள் கோயிலின் அந்த இழுவையான மெட்டில். அவர்கள் ஆமென் சொல்லிக் கையை விட்டபோது, நான் இன்னும் அன்றாட உணவைக் கேட்கிற வரியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.