பாலத்துக்கு அடியில் தண்ணீர்

நேற்று காலை ஆறு மணிக்குப் பேராவூரணிப் பக்கத்திலிருந்து பாக்கியம் அக்கா போன் செய்தார். அங்கே மூன்று ஏக்கர் நெல் போடுகிறவர். "கோமதி மேடம் போயிட்டாங்களாம் சார். நெஞ்சுவலியாம்" என்றார். கோமதியோடு ஒன்பது வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்தவன் நான். எனக்கு முன்னால் சேதி கடைமடைக்குப் போய்விட்டது. தண்ணீர் மட்டும்தான் அங்கே கடைசியாகப் போகும்.

கோமதி எங்கள் வாய்க்கால் சீரமைப்புத் திட்டத்தில் மொழிபெயர்ப்பாளர். நான் கள அலுவலர், அவர் வயதுதான். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வரும் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அவருக்கு அந்த நினைப்பு கிடையாது.

சில வருஷங்களுக்கு முன் பாக்கியம் அக்கா ஊரில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்திருந்தார். எந்த வேலையை முதலில் எடுப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டியவர் அவர். அதற்கு முந்தின வருஷம் வாய்க்கால் மதகின் ஷட்டர் துருப்பிடித்துத் திறக்காமல் பயிர் காய்ந்தது. அந்த வருஷமும் அதே ஷட்டர். நாற்று முற்றிக்கொண்டிருந்தது, நடவுக்குத் தண்ணீர் இல்லை. கோமதி வந்த பஸ் பட்டுக்கோட்டையில் நின்றுவிட்டது. இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று மைக்கை நான் வாங்கிக்கொண்டேன்.

போன வருஷ நஷ்டத்துக்கு என்ன பதில் என்று பாக்கியம் அக்கா கேட்டார். வந்தவர் சிரித்தபடி, "வாட்டர் அண்டர் த பிரிட்ஜ்" என்றார். நானும் கூசாமல் சொன்னேன், பாலத்துக்கு அடியில் தண்ணீர் வந்துவிட்டதாம் என்று.

அவ்வளவுதான், மண்டபம் பாதி காலியானது. பைக்கை எடுத்துக்கொண்டு எல்லோரும் பாலத்துக்கு ஓடினார்கள். அடியில் நாய் ஒன்று படுத்திருந்ததாம். திரும்பி வந்தவர்களின் முகத்தைப் பார்த்ததும் நான் ஆலோசகருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். சரியாக அந்த நேரத்தில்தான் கோமதி உள்ளே வந்தார். நடந்ததை என்னிடம் கேட்டுக்கொண்டு மைக்கை வாங்கினார்.

"அவர் பொய் சொல்லலைங்க. நாங்க தப்பா சொல்லிட்டோம்."

பிறகு நிதானமாக விளக்கினார். பாலத்தைக் கடந்துபோன தண்ணீர் திரும்பி வராது, அதனால் நடந்து முடிந்ததை விட்டுத்தள்ளு என்பதற்கு அவர்கள் இப்படிச் சொல்வார்கள். சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆகும்போதும் சொல்வார்கள். ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுகிற ஊர்க்காரர்கள் பேச்சு அது. அர்த்தம் புரிந்ததும் கூட்டத்துக்குக் கோபம் இன்னும் ஏறியது. நானாக இருந்தால் கொஞ்சம் மழுப்பியிருப்பேன். கோமதிக்கு மழுப்பத் தெரியாது. "வார்த்தைக்கு நாமளா தண்ணி கலக்கக் கூடாது" என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்வார்.

பாக்கியம் அக்கா எழுந்தார். "அவங்க ஊர்ல தண்ணி போயிடுச்சுன்னு விட்டுடலாம். எங்க ஊர்ல வந்தாத்தானே போறதுக்கு?"

கோமதி அதை ஒரு சொல் குறையாமல் இங்கிலீஷில் சொன்னார். வந்தவர் சிரிப்பை நிறுத்தினார். மன்னிக்க வேண்டும் என்றார். சாப்பாடு காத்திருக்க, வெயிலில் ஷட்டர் வரைக்கும் நடந்தார். பட்டியலில் பதினோராவதாக இருந்த அந்த ஷட்டரை அங்கேயே பேனாவால் முதலாவதாக மாற்றினார். எத்தனையோ கூட்டம் பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பு ஒரு வாய்க்காலைத் திறந்ததை அங்கேதான் பார்த்தேன். அந்த அம்மாள் எங்கள் அலுவலகம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிர்கிறது.

ஷட்டர் சரியானது, நடவும் நேரத்தோடு நடந்தது. தண்ணீர் வந்த அன்று பாலத்தில் நின்று கோமதி எனக்குப் போன் செய்தார். "சார், இப்ப நீங்க தாராளமா மொழிபெயர்க்கலாம்" என்றார். பின்னால் தண்ணீர் இரையும் சத்தம் கேட்டது.

அன்றைக்கு அவர் "தப்பா சொல்லிட்டார்" என்றிருக்கலாம், உண்மையும் அதுதான். வார்த்தைக்குத் தண்ணி கலக்காதவர் ஒரே ஒரு இடத்தில் கலந்தார், அதுவும் எனக்காக. "சொல்லிட்டோம்" என்றார். அந்த "ஓம்" ஒன்றைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் வரைபடத்தில் தவறு செய்தபோது, மேலதிகாரி முன்னால் என் வாயிலும் அது வந்தது. "செஞ்சுட்டோம் சார்." எதிர் நாற்காலியில் கோமதி தலைநிமிராமல் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தார்.