முன் அறையில் தொங்கிய பாலம்

"படிப்பு முடிஞ்சுதோ?" எங்கள் ஊர் அரியாலையில் என்னைக் காண்கிறவர்கள் சுகம் விசாரிப்பதில்லை, இதைத்தான் கேட்கிறார்கள். முடியவில்லை, ஐயா, முடியவில்லை என்று நெற்றியில் எழுதி ஒட்டலாம் போலிருக்கும்.

என் ஆய்வு, நமது பால்வீதிக்கு அருகிலுள்ள இரண்டு குறு விண்மீன் மண்டலங்களைப் பற்றியது. யாழ்ப்பாணத்தில் தென் அடிவானத்தை விட்டு அதிகம் எழும்பாதவை. நான் கண்ணால் கண்டதேயில்லை, கணினியில் எண்களாகத்தான் தெரியும். ஒரு காலத்தில் இரண்டும் கிட்ட வந்து, ஒன்று மற்றதன் நட்சத்திரங்களை இழுத்திருக்க வேண்டும். அதைக் கிழட்டு நட்சத்திரங்களிடம்தான் கேட்க வேண்டும். இளசுகள் நேற்றுவரை வாயுவாக அலைந்தவை, கண்ட கண்ட பக்கமெல்லாம் தள்ளுப்பட்டவை. கிழடுகளை இழுத்தது ஈர்ப்பு மட்டும்.

அந்தக் கிழடுகள் இரண்டுக்கும் நடுவே மெல்லிய பாலமாக நிற்பதாகப் படம் வரைந்திருந்தேன். ஆய்வேட்டின் முதுகெலும்பே அதுதான். என் பட்டமளிப்புப் படத்தை மாட்டவென்று அம்மா முன் அறையில் ஆணி அடித்து வைத்திருந்தார். பட்டத்தைக் காணோம் என்று, இந்தப் பாலப் படத்துக்குச் சட்டம் போட்டு அதில் மாட்டிவிட்டார். வருகிற ஆட்களிடமெல்லாம், "என்ரை பிள்ளை கண்டுபிடிச்ச பாலம்" என்பார்.

போன மாதம் நட்சத்திரங்களின் நகர்வு பற்றிய புதிய அளவீடுகள் வந்தன. சரிபார்த்தேன். பாலத்தில் நின்றவற்றில் பெரும்பாலானவை அங்கே இல்லவே இல்லை. நமது பால்வீதியின் நட்சத்திரங்கள் குறுக்கே நின்று ஏமாற்றியிருக்கின்றன. வேலியில் இருந்த மின்மினியைக் கடலில் போகும் படகின் விளக்கென்று நினைத்த கதை. ஆய்வு மேற்பார்வையாளர் கணினித் திரையில் தோன்றி, அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னார். இதுதான் கடைசித் தவணை, தவறினால் பட்டமே இல்லை. அழக்கூட அலுப்பாக இருந்தது.

அம்மா முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, உந்தப் படத்தைக் கழட்டுங்கோ. பாலம் பிழைச்சுப்போச்சு."

"அப்ப உந்த வெள்ளியள் பொய்யோ?" அம்மாவுக்கு நட்சத்திரமெல்லாம் வெள்ளிதான்.

"வெள்ளியள் மெய்தான். ஆனா தூரத்து வெள்ளியள் இல்லை, எங்கடை பால்வீதியின்ரை."

அம்மா எழுந்து வந்து படத்தை நிமிர்ந்து பார்த்தார். சீலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார்.

"எங்கடையெண்டால் கிடக்கட்டும்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அறைக்குள் போய் அத்தியாயத்தை அழிக்கத் தொடங்கினேன். பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரி வந்து, வழக்கம்போல முடிஞ்சுதோ என்று கேட்டார். அம்மாவின் குரல் கேட்டது:

"இன்னும் இல்லை. முந்திப் பாலமெண்டு நினைச்சது, இப்ப பாத்தால் எல்லாம் எங்கடை வெள்ளியளாம். அதையும் என்ரை பிள்ளைதான் கண்டுபிடிச்சது."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.