கிளையில் தொங்கிய என் பை

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். குளித்தேன். விடுதிப் போர்வையை மடித்துத் தலையணை மேல் வைத்தேன். மாத்திரை சாப்பிட்டதை நாட்குறிப்பில் குறித்தேன். எதிரில் இருந்த மெஸ்ஸில் புளிசாதம் ஒரு பொட்டலம் வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டேன்.

நான் சென்னையில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். உடன் வேலை பார்ப்பவர்களோடு மதுரைக்குப் பயிற்சிக்காக வந்திருந்தேன். பயிற்சி முந்தைய நாளே முடிந்துவிட்டது. சென்னைக்கு ரயில் வெள்ளிக்கிழமை இரவுதான். நடுவில் ஒரு நாள் வெறுமையாகக் கிடந்தது.

வெறுமையான நாட்களைக் கண்டால் எனக்கு அப்போது பயம். என் கணவர் அந்த மார்ச் மாதம் இறந்துபோனார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மாரியம்மனிடம் எவ்வளவோ கெஞ்சினேன். அவள் கேட்கவில்லை. இனி அவளிடம் பேச ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டேன். கோயில் பக்கமே போகவில்லை. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், திரும்பி வந்தேன். அவ்வளவுதான். இதைப் படிக்கிற சகோதரிகளில் சிலர் இதே நிலையில் இருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

போடிநாயக்கனூரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், ரயில் பாதை அங்கே முடிகிறது. தூங்கிப்போனாலும் தவறான ஊரில் இறங்க முடியாது. அதுவரை நான் தனியாக ரயில் ஏறியதே இல்லை. ஊர் வருமுன் தோளைத் தட்டி எழுப்ப அவர் இருந்தார். எளிய செலவில் திட்டம் போட்டேன். முன்பதிவு இல்லாத ரயில், கட்டுச்சோறு, மலைக்கு அரசுப் பேருந்து, மாலை ரயிலில் திரும்பிவிடுவதால் அறைச் செலவு கிடையாது. எல்லாம் சரியாக இருந்தது. போக ஆசைதான் இல்லை.

தேனி தாண்டியதும் மலை பக்கத்தில் வந்தது. பெட்டியில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு நகர்ந்தார்கள். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போடியிலிருந்து பேருந்தில் போடிமெட்டுக்கு ஏறி, அங்கிருந்து சாலையோடு கொஞ்ச தூரம் நடந்தேன். ஒரு ஏலத்தோட்டத்தின் ஓரத்தில், மரத்தடியில் காய் எடுக்கும் பெண்கள் மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என் வயதுள்ள ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். மலையடிவாரத்தில் இருக்கும் சிலமலை ஊர்க்காரர். பெயர் முருகேஸ்வரி.

“எங்கிட்டு இருந்துக்கா வர்றீக?”

“மெட்ராஸ்.”

“ஒத்தையிலயா? வீட்டுக்காரரு வரலையா?”

நான் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் குழம்பில் கொஞ்சம் என் புளிசாதத்தின் ஓரத்தில் ஊற்றினார்.

“நல்ல நாளாப் பாத்து வந்தீக. மூட்டம் எறங்கப் போகுது. கண்ண மூடிக்கிட்டே சுத்திப் பாத்துட்டுப் போயிரலாம்” என்றாள் ஒரு இளம்பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

சாப்பிட்டதும் பையைக் கீழே வைக்கப் போனேன். “கொரங்கு தூக்கிட்டுப் போயிரும்க்கா” என்று முருகேஸ்வரி அதை வாங்கி, அவர்களுடைய பைகளும் தூக்குச்சட்டிகளும் தொங்கிய கிளையில் மாட்டினார். ஓடை வரை போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். “வெரசா வந்துருங்க. ஓடையத் தாண்டி அங்கிட்டுப் போயிராதீக” என்றார். பக்கம்தானே என்று பையை எடுக்கவில்லை. போனும் அதில்தான் இருந்தது.

ஓடையை நான் தாண்டவில்லை. அதன் கரையோடு கொஞ்சம் நடந்தேன். அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஏலச்செடி ஆளைவிட உயரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி ஈரம். மேட்டில் ஏறுவதாக நினைத்துப் பள்ளத்தில் இறங்கியிருக்கிறேன். கால் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பிசகிக்கொண்டது. எழுந்து நிற்க முடியவில்லை. கத்திப் பார்த்தேன். சத்தம் பத்தடி கூடப் போகாத மாதிரி இருந்தது. தூறல் பிடித்தது. அட்டைகள் காலில் ஏறின.

எனக்கு முதலில் பயம் வரவில்லை. நிம்மதி வந்தது. இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. இரவு நான் அறைக்கு வராவிட்டால் கேட்க ஒருவரும் இல்லை. உடன் வந்தவர்கள் உறவினர் வீட்டில் தங்கிவிட்டாள் என்று நினைப்பார்கள். சென்னையில் என் வீட்டில் விளக்குப் போட ஆள் இல்லை. இந்த உலகத்தில் என்னை எதிர்பார்த்து ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. சேற்றில் உட்கார்ந்து அழுதேன். கணவர் இறந்த அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. வெளிச்சம் குறைந்தது. அப்போது வாய் தானாகத் திறந்தது. “தாயே, அவரை நீ திருப்பிக் கொடுக்கவில்லை. என்னைக் காப்பாற்று என்று உன்னிடம் கேட்க எனக்கு மனசில்லை. யாராவது ஒருத்தர் என்னைத் தேடட்டும். தேடிக் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை. தேடினால் போதும்” என்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை. இலையில் தண்ணீர் சொட்டியது. அவள் இப்போதும் கேட்கவில்லை என்று நினைத்தேன். உடம்பு நடுங்க ஆரம்பித்தது.

பிறகு தூரத்தில் ஒரு குலவைச் சத்தம். மறுபக்கம் இன்னொன்று. நடுவில் ஒரு குரல்: “மெட்ராஸ் அக்கோவ்!”

பெயர் தெரியாததால் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கத்தினேன். முருகேஸ்வரியும், அந்தப் பெண்களைத் தோட்டத்துக்குக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுபோகும் ஜீப்பின் டிரைவரும் இலைகளை விலக்கிக்கொண்டு வந்தார்கள். இருவரும் என்னைத் தாங்கி மேலே ஏற்றினார்கள்.

“யானை எறங்குற நேரத்துல ஒரு லோடு பொம்பளைகள நிறுத்தி வச்சிட்டீகளே யக்கா” என்றார் டிரைவர்.

“சும்மா வா அப்பு. ஒம் பொஞ்சாதி உள்ள கெடந்தா விட்டுட்டுப் போயிருவியா?”

“அதை நெதானமா யோசிச்சுத்தான் சொல்லணும்.”

முருகேஸ்வரி அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

நடந்ததை ஜீப்பில்தான் சொன்னார்கள். சோலி முடிந்து அவரவர் பையை எடுத்துக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். டிரைவர் தலை எண்ணினார். சரியாக இருந்தது. வண்டியைக் கிளப்பிவிட்டார். கிளையில் ஒரு பை மட்டும் தொங்கியது. டூர் வந்த அம்மா மறந்துவிட்டுப் பஸ் ஏறியிருப்பார், பையைக் கடையில் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்களாம். முருகேஸ்வரி கீழே குதித்திருக்கிறார்.

“பை தொங்குனா ஆளு உள்ள இருக்குன்னு அர்த்தம்க்கா. கெளை காலியாகாம எங்க ஜீப்பு கெளம்பாது. எங்க ஆளா இருந்தா என்ன, வேத்து ஆளா இருந்தா என்ன?”

அவர் இறங்கியதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கிவிட்டார்களாம். வீட்டில் பிள்ளைகள் பசியோடு காத்திருக்க, யானை வரும் காட்டில், முன்பின் தெரியாத ஒருத்திக்காக. ஒருத்தர் தேடினால் போதும் என்றுதான் நான் கேட்டேன். மாரியம்மன் ஒரு ஜீப்பையே நிறுத்தினாள்.

மாலை ரயில் போய்விட்டது. அன்றிரவு சிலமலையில் முருகேஸ்வரி வீட்டில் தங்கினேன். கணுக்காலுக்குப் பற்றுப் போட்டுச் சுடுசோறு கொடுத்தார்.

என் துக்கம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கணவர் இல்லாத வீடு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் தினமும் மாலையில் மாரியம்மன் முன் உட்காருகிறேன். சில நாள் நன்றி சொல்கிறேன். சில நாள் சண்டை போடுகிறேன். அவள் என்னை விட்டுவிட்டாள் என்று மட்டும் இப்போது சொல்வதில்லை. சகோதரிகளே, பக்தியோடு கேட்க முடியாவிட்டால் கோபத்தோடு கேளுங்கள். பெரிதாகக் கேட்கத் தெம்பு இல்லாவிட்டால் சின்னதாகக் கேளுங்கள். கேட்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியுமுன் எழுந்ததும் முதல் வேலையாக, முருகேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜீப்பு நிற்கும் இடத்துக்கு நொண்டி நொண்டிப் போனேன். ஏறிய ஒவ்வொருத்தியிடமும் பெயர் கேட்டேன். “எதுக்குக்கா, ரேசன் கார்டுல சேக்கவா?” என்று ஒருத்தி சிரித்தாள். ஜீப்பு மலைப் பக்கம் திரும்பும்வரை நின்றேன். பிறகு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக மாரியம்மனிடம் சொல்லி, பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் வீடு கொண்டுவந்து சேர்த்துவிடு தாயே என்று கேட்டேன். டிரைவர் பெயரையும் கடைசியில் சேர்த்துக்கொண்டேன்.