பாராட்டுக்கு ஒரு பொத்தான்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குத் தருமபுரியில் பயிற்சி கொடுத்தார்கள். நிஜக் குழந்தையிடம் போவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொம்மைக் குழந்தை. ஒரு பொத்தானை அழுத்தினால், 'பந்தை எடு' என்று கம்ப்யூட்டரே நமக்காகக் கேட்கும். குழந்தை எடுத்ததும் பாராட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். 'சூப்பர்' என்று ஒரு பெண்குரல் கூவும், குழந்தை சிரிக்கும். தாமதித்தால் மார்க் போய்விடும். செய்தது சரி என்று குழந்தைக்கு அந்த நொடியில் தெரிய வேண்டுமாம். எனக்குத் தாமதமே ஆனதில்லை. கூடப் படித்த பெண்கள், "அக்காவுக்கு வாயே வெரல்லதான் இருக்குது" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். முதல் மார்க் எனக்குத்தான்.

பிறகு ஏரியூர் பக்கம் ஒரு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை. அதுவரை யார் எதைக் கேட்டும் எடுத்துக் கொடுத்ததில்லை. நான் சொல்லிக்கொடுப்பதைப் பார்ப்பதற்காகவே அன்று அவளுடைய அம்மா களையெடுக்கப் போகவில்லை. அந்த அம்மாவின் மாமனாரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

பாயில் டம்ளரையும் பந்தையும் வைத்தேன். "டம்ளர் குடு கண்ணு" என்று மெதுவாகக் கேட்டு, அவள் கையைப் பிடித்து எடுக்க வைத்தேன். காலை முழுக்க இதுதான். கடைசியில் கையைப் பிடிக்காமல் கேட்டேன். அவளாகவே டம்ளரை எடுத்து என் மடியில் வைத்தாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு வாய் திறக்கவில்லை. என் ஆள்காட்டி விரல் பாயை அழுத்தியது. குழந்தை அந்த விரலைப் பார்த்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"புள்ள சரியாத்தானுங்க எடுத்துச்சு, டீச்சர்? ஒண்ணுமே சொல்லலிங்களே" என்றார் அம்மா.

பெற்றவள் எதிரில் பிள்ளையைப் புகழ்ந்தால் கண் பட்டுவிடும் என்பார்கள் எங்கள் பக்கம். அதையே சொல்லித் தப்பித்தேன். அவர் அதை நம்பி, உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து குழந்தைக்குச் சுற்றிப் போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண் படுவதை நான் நினைக்கவே இல்லை. கட்டிலில் இருந்த பெரியவர் எதிரில் குரலை உயர்த்தக் கூச்சம், அவ்வளவுதான்.

பஸ்ஸில் பென்னாகரம் வரும்வரை அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன், பக்கத்து சீட்டுக்குக் கேட்காதபடி.

மறுநாள் அதே டம்ளரை வைத்துக் கேட்டேன். அவள் எடுக்கவில்லை.