வாயை மட்டும் அசை

வரைதல், பாட்டு, பி.டி., கம்ப்யூட்டர். இந்த வகுப்புகள் வந்தால் மற்றப் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக் கூத்தாடுவார்கள். எனக்குப் பயம். கணக்கில் தப்பு செய்தால் திருத்துகிற டீச்சருக்கு மட்டும்தான் தெரியும். இவற்றில் செய்தால் வகுப்பே வேடிக்கை பார்க்கும்.

பயத்திலும் நான் தரம் பிரித்து வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு மௌஸுக்கு ஒரு கூட்டமே அடித்துக்கொள்ளும், என் முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். வரைந்ததைக் கையால் மறைத்துக்கொள்ளலாம். பி.டி.யில் கிளம்பும் புழுதியில் என் கால் தப்பாகப் போனது யாருக்கும் தெரியாது. குரலை மட்டும் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

என் குரல் அப்படி. வாப்பாவுக்குத் தாராவியில் ஒரு கார்கானா, தோல் பை தைக்கும் பட்டறை. கீழே மிஷின்கள், இரும்பு ஏணியில் ஏறினால் மேலே எங்கள் வீடு. தையல் மோட்டார்களும் ரிவிட் அடிக்கும் சுத்தியலும் காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை ஓயாது. பசிக்கிறது என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும். நான் பேசக் கற்றதே அந்த மோட்டார்களோடு மல்லுக்கட்டித்தான்.

ஆனால் வேலையில் பழகிய பெரியவர்கள் கத்தமாட்டார்கள். சத்தமில்லாமல் வாயை அசைப்பார்கள், எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். உம்மா அதில் கெட்டிக்காரி. மிஷினில் ஓரம் அடித்துக்கொண்டே, கதவோரம் நிற்பவர் என்ன கேட்கிறார் என்று சொல்லிவிடுவாள். அவளை வாய்க்குள் திட்ட முடியாது. ஒருமுறை திட்டிப் பார்த்து முதுகில் வாங்கியிருக்கிறேன்.

நான்காம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு ஒரு கூட்டுப்பாட்டு, மழையை வா வா என்று கூப்பிடும் பாட்டு. உயரம் பார்த்து என்னை முதல் வரிசையில் நடுவில் நிறுத்தினார்கள். வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். உம்மா அன்றைக்கே பச்சைத் துணி வாங்கிவந்து பாவாடை தைத்துவிட்டாள். கார்கானாவில் வேலை செய்யும் அண்ணன்மார் எல்லோரிடமும் சொல்லியும் முடித்துவிட்டாள்.

மறுவாரம் ஒத்திகையில் பாட்டு டீச்சர் ஹார்மோனியத்தை நிறுத்தினார். ஒவ்வொரு பிள்ளையாகப் பாடச் சொன்னார். நான் பாடியதும் அதற்கு மேல் யாரையும் பாடச் சொல்லவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தார்.

"நீ வாயை மட்டும் அசைம்மா, என்ன? சத்தம் வர வேண்டாம். நீ பாடினா மத்தவங்க குரல் எதுவுமே கேட்க மாட்டேங்குது."

அவர் திட்டவில்லை. கன்னத்தைத் தட்டிவிட்டுத்தான் போனார். திட்டியிருந்தால் தேவலை, அழுதிருப்பேன். தலையை ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். உம்மாவுக்குத் தெரியக்கூடாது. மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களை ஏமாற்றலாம், அவர்களுக்குத் தங்கள் பிள்ளை மேடையில் நின்றாலே போதும். உம்மாவை எப்படி ஏமாற்றுவது? வாயசைப்பிலேயே குடித்தனம் நடத்துகிறவள். எனக்கு என் மானம்கூடப் பெரிதாகப் படவில்லை. அந்தக் குரல் எங்கள் வீட்டில் விளைந்த குரல். அது வேண்டாம் என்று ஒருவர் சொல்லிவிட்டார் என்று தெரிந்தால் உம்மாவின் முகம் என்ன ஆகும் என்று நினைக்கும்போதெல்லாம் சோறு இறங்காது.

"உம்மா, நீ வராண்டாம். ரொம்ப நேரம் உக்கார வைப்பாங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஏட்டி, நீ நடுவுல நின்னு பாடுவ, நான் இங்க பைக்கு வார் தச்சுக்கிட்டு இருப்பனா? போடி" என்று சிரித்தாள்.

பள்ளிக்கூடத்து மூன்றாவது மாடித் தண்ணீர்க் குழாயடியில் யாரும் இல்லாதபோது பயிற்சி செய்தேன். பாடுவதற்கு அல்ல, பாடாமல் பாடுவது போல் இருப்பதற்கு. மூச்சை இழுத்தேன், கழுத்தை விறைத்தேன், புருவத்தைத் தூக்கினேன். குழாய்க்கு மேலே இருந்த உடைந்த கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சந்தேகம் வரவில்லை.

விழா அன்று உம்மா பக்கவாட்டில் முன்பெஞ்சில் இடம் பிடித்துவிட்டாள். கறுப்பு புர்காவுக்குள் அவள் முகம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பாட்டு தொடங்கியது. எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். உம்மா போனை எடுக்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். நான் ஒரு சொல் விடாமல் அசைத்தேன். முதல் அடிக்குச் சிரித்தாள். இரண்டாவது அடியில் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் கண் என் உதட்டிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கித் தொண்டையில் போய் நின்றது. கண்ணாடி காட்டிக்கொடுக்காததை அவள் கண்டுபிடித்துவிட்டாள். என் தொண்டையில் அசைவே இல்லை.

உம்மா சத்தமில்லாமல் வாயசைத்தாள். "பாடுட்டி."

நான் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன். மிச்சப் பாட்டு முழுக்க அதைத்தான் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் எதுவும் கேட்கவில்லை. கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்போது கேட்பாள், இதோ கேட்கப்போகிறாள் என்று சந்துக்குச் சந்து பயந்தேன். சாப்பிடும்போதும் கேட்கவில்லை. ஒரு அறை கொடுத்து விசாரித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். செம்பூர் கடைக்குப் போகவேண்டிய பைகள் கிடந்தன, டெம்போ வரும் நேரம். எல்லா மிஷின்களும் வெறிபிடித்து ஓடிக்கொண்டிருந்தன. ஏணியில் கால் வைத்தவளை உம்மா கையசைத்துக் கூப்பிட்டாள். பக்கத்தில் போனேன்.

"நேத்தையப் பாட்டு" என்றாள் வாயசைப்பில். "பாடு."

அந்த இரைச்சலில் எவன் கேட்கப் போகிறான் என்ற தைரியத்தில் ஆரம்பித்தேன். முதலில் முனகல், அப்புறம் வழக்கமான குரல், அப்புறம் அந்த வாரங்களில் விழுங்கியதெல்லாம் சேர்ந்து தொண்டை கிழிய வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒருவரும் தலை நிமிரவில்லை. உம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சுவரோரம் போனாள். மெயின் ஸ்விட்சைக் கீழே இழுத்தாள்.

வேலை நேரத்தில் அந்த ஸ்விட்சில் வாப்பாகூடக் கை வைக்கமாட்டார். மோட்டார்கள் முனகி முனகி நின்றன. சுத்தியல்காரரும் கையை நிறுத்தினார். அறையில் என் குரல் மட்டும் இருந்தது, அவ்வளவு பெரிதாக. பயந்துபோய்ப் பாதி வரியில் வாயை மூடிக்கொண்டேன். அண்ணன்மார் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வாப்பா வாசலிலிருந்து பதறி ஓடிவந்தார். "என்னாச்சு? கரண்ட் போயிட்டா? டெம்போக்காரன் வந்துருவானே!"

"கரண்டெல்லாம் இருக்கு" என்றாள் உம்மா. "பிள்ள பாடுதா. கொஞ்சம் சும்ம இருங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். இந்த முறை வாயசைக்கவில்லை, சத்தமாகவே சொன்னாள்.

"ஏன் நிறுத்திட்ட? பாடு."

முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.